கம்பத்துக்கு நிதி உண்டு, துணிக்கு இல்லை: கிழிந்த கொடியை மாற்றும் செலவு யார் கணக்கில்?

சாரல்காரன் | ஜூலை 19, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மலைக் கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கிறது. வைகாசி பிறந்ததும் காற்று இறங்கிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். இந்த ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே நூறடி உயரத்தில் ஒரு கொடிக்கம்பம் நட்டார்கள். திறப்பு விழாவுக்கு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். 30க்கு 20 அடிக் கொடி மெதுவாக மேலேறி விரிந்தபோது அவ்வளவு கூட்டமும் அமைதியாகிவிட்டது. எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது அதே கொடியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஐந்து மாதமாக ஓரம் கிழிந்து நாலைந்து நாடாவாக ஆடிக்கொண்டிருக்கிறது. பச்சைப் பட்டையின் கீழ் மூலை ஒரு கை அகலத்துக்குக் காணாமலே போய்விட்டது. காவி வெளுத்துச் சந்தன நிறத்துக்கு வந்துவிட்டது. இரவில் நான்கு பக்கமும் விளக்குப் போட்டு அதைக் காட்டுகிறார்கள்.

மனு கொடுத்தேன், பதில் வந்தது. கம்பம் ஒரு திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது, அந்தத் திட்டம் நிறைவடைந்துவிட்டது, கொடி மாற்றத் தனி நிதி ஒதுக்கீடு இல்லை. மூன்றே வரி.

சேதமடைந்த, அலங்கோலமான கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. மாற்ற நிதி இல்லை என்றால் இறக்கியாவது வைக்கலாமே என்று நேரில் கேட்டேன். இறக்கினால் ஏன் இறக்கினீர்கள் என்று கேள்வி வரும் என்றார்கள்.

கொடிக்கு அரசு செலவழிப்பது வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் துணி மாற்ற ஆண்டுதோறும் பணம் ஒதுக்க முடியாத இடத்தில் கம்பம் நடுவது சரியா? மற்ற ஊர்களில் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு | ஜூலை 19, இரவு 10:25

தம்பி, உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கையில் 27 வருடம் இருந்தவன் நான். உங்களுக்கு வந்த பதில் பொய் இல்லை. அதுதான் வேதனை.

கம்பம், அஸ்திவாரம், மோட்டார், விளக்கு எல்லாம் மூலதனச் செலவு. மதிப்பீட்டில் ஒரு கொடியோ இரண்டு கொடியோ சேர்த்து எழுதிவிடுவார்கள். அவை கிழிந்த பிறகு வாங்குவது பராமரிப்புச் செலவு. அது பொது நிதியிலிருந்து வர வேண்டும். பொது நிதியில் குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும் துப்புரவுச் சம்பளமும் வரிசையில் முன்னால் நிற்கின்றன. கொடிக்கென்று ஒரு தலைப்பு இல்லாதபோது, எந்த எழுத்தர் துணிந்து பில் போடுவார்? சில்லறைச் செலவினத்தில் போட்டால் தொகை வரம்பைத் தாண்டும். நானே ஒருமுறை அப்படி ஒரு வவுச்சருக்குத் தடை எழுதியிருக்கிறேன். விதிப்படி எழுதினேன், ஆனால் அது இன்றும் மனதில் உறுத்துகிறது.

நிலாமுற்றம் | ஜூலை 20, காலை 7:05

இது உங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை, சாரல்காரன். கடந்த பத்து வருடத்தில் நாடு முழுக்க நடந்த கதை இது. நான் கொஞ்ச நாளாக இந்தச் செய்திகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

ராஞ்சியில் பஹாடி மந்திர் குன்றின்மேல் 293 அடிக் கம்பத்தை 2016 ஜனவரி 23 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் திறந்து வைத்தார். கொடி 99க்கு 66 அடி. குன்றின் உச்சியில் அடிக்கும் காற்றில் அது திரும்பத் திரும்பக் கிழிந்தது. அதே ஆண்டு ஜூன் 2 அன்று ஹைதராபாத் ஹுசேன் சாகர் கரையில் 291 அடிக் கம்பம். அங்கும் ஏரிக் காற்று கொடியை விட்டுவைக்கவில்லை. 2017 மார்ச்சில் அட்டாரி எல்லையில் 360 அடி. கம்பத்துக்குச் சுமார் 3.5 கோடி ரூபாய். கொடி 120க்கு 80 அடி. சில வாரங்களிலேயே கிழிந்தது, மாற்றினார்கள், மறுபடியும் கிழிந்தது. ஒவ்வொரு கொடிக்கும் ஒரு லட்சத்துக்கு மேல். கிழிந்த கொடியோடு எல்லையில் நிற்பதைவிட இறக்கி வைப்பது மேல் என்று கம்பத்தை வெறுமையாக விட்ட நாட்களும் உண்டு. பிறகு 2023 அக்டோபரில் அதே அட்டாரியில் 418 அடிக் கம்பம் வந்தது.

இதில் கட்சி வேறுபாடு கிடையாது. டெல்லி அரசு 2021-22 பட்ஜெட்டில் ஐந்நூறு இடங்களில் உயரக் கம்பம் நட 45 கோடி ரூபாய் அறிவித்தது. 2016இல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் 207 அடிக் கம்பம் என்றார்கள். 2018இல் பெரிய ரயில் நிலையங்களில் நூறடிக் கம்பம் என்று ரயில்வே உத்தரவிட்டது. அறிவிப்புகளில் அடிக்கணக்கு இருக்கும், கோடிக்கணக்கு இருக்கும். வருடத்துக்கு எத்தனை கொடி தேவைப்படும் என்ற கணக்கைத் தேடினால் கண்ணில் படுவதே இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். விதித்தொகுப்பில் கொடிக்கு ஒன்பது அளவுகள் இருக்கின்றன. மிகப் பெரியது 21க்கு 14 அடி. இரண்டாவது அளவு 12க்கு 8 அடி, அதாவது 96 சதுர அடி. அட்டாரியில் 2017இல் ஏற்றிய 120க்கு 80 அடிக் கொடி 9600 சதுர அடி. சரியாக நூறு மடங்கு. தரநிலையில் உள்ள மிகப் பெரிய கொடியோடு ஒப்பிட்டாலே முப்பது மடங்குக்கு மேல். அந்த அளவுத் துணியைக் காற்றில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பது ஏற்றுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பொன்னி_தஞ்சை | ஜூலை 20, காலை 9:50

நான் வேறு கருத்து சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறைக் கதவு இல்லை. மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் கொடிக்கு ஒரு லட்சம் என்று எப்படிச் சொல்வது? புதுக் கொடி வாங்குவது பற்றிப் பேசுவதைவிட, பெரிய கம்பமே வேண்டாம் என்று சொல்லலாமே. ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் சின்னக் கொடி ஏற்றி, மாலையில் இறக்கி மடித்து வைத்தால் போதாதா? எங்கள் தாத்தா காலத்தில் அப்படித்தானே இருந்தது. அவர்களுக்கு நாட்டுப்பற்று குறைவா?

சாரல்காரன் | ஜூலை 20, காலை 10:15

பொன்னி அக்கா, தப்பாக எடுக்கவில்லை. நீங்கள் சொல்வதில் பாதி என் மனதிலும் இருக்கிறது. ஆனால் நட்ட கம்பங்கள் நட்டதுதான். அவற்றின் உச்சியில் இன்று இந்த நிமிடம் கிழிசல் ஆடுகிறதே, அதை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. கழிப்பறைக் கதவு வராமல் போனதும் இதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். கட்டடத்துக்குப் பணம் வரும், கதவு உடைந்தால் மாற்றப் பணம் வராது.

நங்கூரம் | ஜூலை 20, மதியம் 2:30

தம்பி சாரல்காரன், இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கடற்படையில் சிக்னல் பிரிவில் 15 வருடம் இருந்தேன், 1998 முதல் 2013 வரை. கொடி எங்கள் பிரிவின் பொறுப்பு.

கப்பலில் கொடி கிழிவதை யாரும் பெரிய விஷயமாக எடுக்க மாட்டார்கள். கயிறு தேயும், பெயின்ட் உரியும், கொடி கிழியும். உப்புக் காற்று ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம், அதற்கு மேல் புகைபோக்கியின் கரி. எங்கள் என்சைன், அதாவது கப்பலில் பறக்கும் கடற்படைக் கொடி, வெள்ளை நிறம். கடலில் பத்து நாள் போய் வந்தால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். அதனால் ஸ்டோரில் எப்போதும் மாற்றுக் கொடி இருக்கும். துறைமுகத்தில் காலை எட்டு மணிக்குக் கலர்ஸ், அதாவது கொடியேற்றம், சூரியன் மறையும்போது இறக்கம். கடலில் போகும்போது பழைய, சின்னக் கொடியைப் போடுவோம். துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன் நல்ல கொடி ஏறிவிட வேண்டும்.

எனக்கு முதலில் பயிற்சி கொடுத்த மூத்தவர் ஒரு மலையாளி. தினமும் மாலை கொடி இறங்கியதும் அதன் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் விரலில் தட்டுப்படும். உடனே ஊசி எடுப்பார். இன்று ஒரு நூல், நாளை ஒரு சாண், மறுநாள் ஒரு முழம் என்பார். முதல் நூலில் பிடித்தால் கொடி மூன்று மடங்கு நாள் உழைக்கும். எங்கள் கப்பலில் கொடிச் செலவு குறைந்ததற்கு அந்த விரல்தான் காரணம்.

உங்கள் ஊர்க் கம்பத்தில் கொடி எப்போது கீழே இறங்குகிறது? இரவும் பகலும் பறக்கிறது என்றால் அந்த விரல் கொடியில் படவே வழியில்லை. முன்பெல்லாம் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான். 2009 கடைசியில் உயரக் கம்பங்களுக்கு மட்டும், விளக்கு வசதி இருந்தால் இரவிலும் பறக்கலாம் என்று உள்துறை அமைச்சகம் அனுமதித்தது. 2022 ஜூலையில் பொதுமக்களும் இரவு பகலாகப் பறக்கவிடலாம் என்று விதியையே திருத்தினார்கள். அனுமதி கொடுத்ததில் தவறில்லை. ஆனால் இறக்கிப் பார்க்கும் பழக்கம் அதோடு போய்விட்டது.

ஒருநாள் காற்று இருமடங்கானால் கொடியின் மேல் விசை நான்கு மடங்காகும். காற்று பலமாக வரும் என்று வானிலை எச்சரிக்கை வந்தால் நாங்கள் பெரிய கொடியை இறக்கிவிட்டுச் சின்னதை ஏற்றுவோம். அதில் அவமானம் எதுவும் இல்லை. கொடியைக் காப்பாற்றுவதுதான் மரியாதை.

பேரேடு | ஜூலை 20, மாலை 4:10

நங்கூரம் சார், அருமை. ஒன்று கேட்கிறேன். ராணுவத்தில் இந்தச் செலவு தணிக்கையில் சிக்காதா?

நங்கூரம் | ஜூலை 20, மாலை 6:45

சிக்காது சார், ஏனென்றால் கொடி அங்கே தீர்ந்துபோகும் பொருள். சோப்பு, கயிறு மாதிரி. தேய்ந்தது என்று எழுதி, காட்டி, புதிதை வாங்கிக்கொள்வோம். பழையதற்குக் கணக்கு இருக்கும், யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

தேய்மானத்தைவிட வடிவம் மாறும்போதுதான் மொத்தமாகச் செலவு வரும். என் சர்வீசிலேயே இரண்டு தடவை பார்த்தேன். 2001 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் என்சைனில் இருந்த செயின்ட் ஜார்ஜ் சிலுவை என்ற சிவப்புச் சிலுவையை எடுத்துவிட்டு நீல நிறக் கடற்படைச் சின்னம் போட்டார்கள். எல்லாக் கப்பல்களிலும் எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் பழையது இறங்கிப் புதியது ஏறியது. ஆனால் அந்த நீலம் வானத்தோடும் கடலோடும் கலந்து தூரத்தில் தெரியவில்லை என்று புகார் வந்தது. 2004இல் சிவப்புச் சிலுவை திரும்ப வந்தது, நடுவில் அசோகச் சிங்கத்தோடு. மறுபடியும் எல்லாக் கொடியும் மாறியது. நான் ஓய்வு பெற்ற பிறகு 2014இல் ‘வாய்மையே வெல்லும்’ என்ற வாசகத்தைத் தேவநாகரியில் சேர்த்தார்கள். 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விக்ராந்த் கப்பலைப் படையில் சேர்த்த விழாவில் இப்போதைய கொடி வந்தது. சிவாஜி முத்திரையை ஒட்டிய எண்கோணம், சிலுவை இல்லை. அந்தச் சிலுவை போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். 2001இல் ஒரு கப்பலின் பின்புறத்தில் ஏற்றி, அரை மைல் தள்ளிப் படகில் போய்ப் பார்த்திருந்தால் ஒரு சுற்றுச் செலவு மிச்சமாகியிருக்கும் என்ற ஆதங்கமும் உண்டு.

தரைப்படையின் படைப்பிரிவுக் கொடிகள், நிஷான் என்பார்களே, அவை வேறு வகை. பட்டில் எம்பிராய்டரி செய்தவை, ஜனாதிபதி வழங்குபவை, அணிவகுப்பில் மட்டும் வெளியே வருபவை. மன்னர் பெயரில் இருந்த பழைய கொடிகளை 1950 நவம்பர் 23 அன்று டேராடூனில் ராணுவ அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் முறைப்படி வைத்துவிட்டார்கள். தூக்கி எறியவில்லை, எரிக்கவும் இல்லை.

பாவுநூல் | ஜூலை 20, இரவு 9:20

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன், துணித் தொழில். துணி பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன்.

கொடி நடுவில் கிழியாது. கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரம்தான் முதலில் போகும், அதிலும் இரண்டு மூலைகள். சாட்டையைச் சொடுக்கினால் நுனியில்தானே சத்தம் வருகிறது, அதே மாதிரி. அதனால் கொடி வாங்கும்போது அந்த ஓரம் எத்தனை மடிப்பு, எத்தனை வரிசைத் தையல் என்று பார்க்க வேண்டும். டெண்டரில் அளவும் விலையும்தான் எழுதுகிறார்கள். ஓரம் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. குறைந்த விலை கொடுத்தவன் ஒற்றை மடிப்பில் அடித்து அனுப்பிவிடுவான்.

சில நாடுகளில் பிய்ந்த ஓரத்தை வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைக்கிறார்கள். நம் கொடியில் அது நடக்காது. நீளமும் உயரமும் 3க்கு 2 இருந்தாக வேண்டும், சக்கரம் நட்டநடுவில் இருந்தாக வேண்டும். உங்கள் 30க்கு 20 கொடியில் ஓரடி வெட்டினால் 29க்கு 20 ஆகிவிடும், சக்கரம் அரையடி ஒதுங்கிவிடும். ஆகவே ஓரம் போனால் கொடியே போனது. ஓரத்தில் இரண்டு மடங்கு பணம் போட்டாலும் லாபம்தான்.

காதியா பாலியஸ்டரா என்று கேட்பீர்கள். கர்நாடகத்தில் ஹுப்பள்ளி பக்கம் பெங்கேரியில் ஒரு காதி கூட்டமைப்பு இந்தியத் தர நிறுவன உரிமத்தோடு கொடி தயாரிக்கிறது. பாகல்கோட் பக்கம் நெய்த துணி. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தை இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் அச்சிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். 24 ஆரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒதுக்கிவிடுகிறார்கள். 2021 டிசம்பர் 30 அன்று விதியைத் திருத்தி பாலியஸ்டரும் இயந்திரத் தயாரிப்பும் செல்லும் என்று சொன்ன பிறகு அவர்களுடைய ஆர்டர் விழுந்துவிட்டது. 2022 கோடையில் அதை எதிர்த்துப் போராட்டமும் நடத்தினார்கள்.

நான் பாலியஸ்டர் வியாபாரமும் செய்கிறவன், அதனால் ஒரு பக்கம் சாய்ந்து பேசவில்லை. நூறடிக்கு மேல், காற்றும் மழையும் உள்ள இடத்தில் காதி தாங்காது. நனைந்தால் கனம் ஏறிக் கயிற்றையே இழுத்துவிடும். அங்கே நல்ல கனமான பாலியஸ்டர் வேண்டும். ஆனால் பள்ளி, ஊராட்சி அலுவலகம், நீதிமன்றம் என்று காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் இடத்தில் காதிதான் அழகு. அங்கே செலவழிக்கும் பணம் ஒரு நெசவாளி வீட்டுக்குப் போகும். பொதுப்பணம் என்றால் அதையும் பார்க்க வேண்டும் இல்லையா?

கரும்பலகை | ஜூலை 21, காலை 6:50

அரசுப் பள்ளி ஆசிரியை. பெரிய கம்பம் பற்றி எனக்குத் தெரியாது, எங்கள் 20 அடிக் கம்பம் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக் கொடி தலைமையாசிரியர் அறையில் தகரப் பெட்டிக்குள் இருக்கும், அந்துருண்டை வாசத்தோடு. நான் சேர்ந்த வருடம் சுதந்திர தினத்துக்கு முதல் நாள் எடுத்துப் பிரித்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் பூச்சி அரித்து வரிசையாக ஓட்டை. வெள்ளையில் பழைய செவ்வந்தி இதழின் கறை. பள்ளி மானியத்தில் சாக்பீஸுக்கும் துடைப்பத்துக்கும் போக மிச்சம் இல்லை. நாங்கள் ஆசிரியர்கள் ஐந்து பேர் காசு போட்டுக் கடையில் வாங்கினோம். வாங்கி வந்து அளந்தால் அது 3க்கு 2 அளவில் இல்லை, சக்கரத்தில் ஆரம் 20தான் இருந்தது. ஒரு ஐந்தாம் வகுப்புப் பையன்தான் எண்ணிச் சொன்னான். பாடத்தில் 24 என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கொடியை ஏற்ற மனம் வரவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இரவல் வாங்கி ஏற்றினோம்.

தேசியக்கொடிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விலையும் பெரிய விலை இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று வருடத்துக்கு ஒரு நல்ல காதிக் கொடி அரசே அனுப்பிவிட்டால் போதும். ஒரு வானுயரக் கம்பத்துக்கான பணத்தில் எத்தனை பள்ளிக்கு அனுப்பலாம்!

கீழத்தெரு_முருகன் | ஜூலை 21, காலை 11:30

துணி கிழிந்ததற்கு இவ்வளவு வருத்தப்படுகிறீர்கள், நல்லது. எங்கள் ஒன்றியத்தில் பட்டியலினத் தலைவர் ஒருவர் தன் ஊராட்சி அலுவலகத்திலேயே கொடியேற்ற முடியாமல் ஓரமாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கொடி புத்தம் புதியதாகத்தான் இருந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது. கொடிக்கு அவமரியாதை என்று பட்டியல் போட்டால் இதை முதலில் எழுதுங்கள்.

மட்டுறுத்துநர் | ஜூலை 21, மதியம் 12:05

முருகன், நீங்கள் சொன்னதற்கு ஒரு முழு இழை வேண்டும். தொடங்கி வைத்திருக்கிறேன், அங்கே விரிவாக எழுதுங்கள். உங்கள் இந்தப் பதிவு இங்கேயும் இருக்கட்டும்.

தேன்மொழி | ஜூலை 21, இரவு 8:15

நிறைய யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பா தரைப்படையில் இருந்தார். 2003இல் பெட்டியில் வந்தார், பெட்டியின் மேல் கொடி. தலைப்பக்கம் காவி இருந்தது. எரியூட்டும் முன் ஆறு பேர் அதை எடுத்து மடித்தார்கள். கொடியை நெருப்பில் விடக் கூடாது, குழியிலும் இறக்கக் கூடாது என்பது விதி. மடித்த கொடியை ஒரு அதிகாரி அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதை மார்போடு வைத்துக்கொண்டு அன்று முழுக்க யாரிடமும் கொடுக்கவில்லை.

அந்தக் கொடியும் யாரோ டெண்டர் போட்டு, பொதுப்பணத்தில் வாங்கியதுதான். வீட்டில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அம்மா வெயில் படாத இடத்தில் காற்றாட விடுவார். 20 வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு நூல் பிரியவில்லை.

பேருந்தில் போகும்போது எங்கேயாவது கிழிந்த கொடி பறப்பதைப் பார்த்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் ‘அதை இறக்கச் சொல்லேன்’ என்றார். யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சாரல்காரன் அண்ணா, நீங்கள் மனு கொடுத்ததற்கு நன்றி.

லாவெண்டர்_தெரு | ஜூலை 21, இரவு 10:40

தேன்மொழி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே கொடி நைந்துபோனால் கறுப்புக் குப்பைப் பையில் வைத்து, மூடிக் கட்டித்தான் அப்புறப்படுத்த வேண்டும். வெளியே தெரியும்படி குப்பைத் தொட்டியில் கிடக்கக் கூடாது. நம் ஊரில் பழைய கொடியை என்ன செய்கிறார்கள்?

பாவுநூல் | ஜூலை 22, காலை 7:30

முழுக் கொடியாக, தனிமையில், முடிந்தவரை எரித்து, மரியாதையோடு அழிக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. காதிக்கு எழுதிய விதி அது. பருத்தி சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை வரும். 2022இல் வீடுதோறும் கொடி ஏற்றிய பிறகு எங்கள் தெருவில் பழைய கொடிகளைச் சேகரித்தோம், இரண்டு சாக்கு நிறைய. எரிக்கவும் முடியவில்லை, போடவும் மனமில்லை. மாநகராட்சியில் ஒரு மேற்பார்வையாளர் தனியாக வாங்கிக்கொண்டார். பாலியஸ்டரை அனுமதித்த அன்றே இதற்கும் ஒரு வழி எழுதியிருக்க வேண்டும்.

நிலாமுற்றம் | ஜூலை 22, காலை 8:45

சென்னைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி அங்கே இருக்கிறது. 12க்கு 8 அடி. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் 2013 குடியரசு தினம் முதல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதே கோட்டைக் கம்பத்தில்தான் 1932 ஜனவரி 26 அன்று பாஷ்யம் என்கிற ஆர்யா ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டினார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் திருப்பூரில் குமரன் கொடியை விடாமல் அடிபட்டு இறந்திருந்தார். அந்தக் கொடிகளின் அளவைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

பேரேடு | ஜூலை 22, காலை 10:00

சாரல்காரன் தம்பி, ஒரு வழி சொல்கிறேன். மனுவை மாற்றி எழுதுங்கள். ‘கொடியை மாற்றுங்கள்’ என்று கேட்காதீர்கள். அதற்கு நிதி இல்லை என்ற பதில் தயாராக இருக்கிறது. மூன்று விஷயம் கேளுங்கள். கொடி மாற்றுவதற்கு வருடாந்திரச் செலவுத் தலைப்பு ஒன்றை மன்றத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். கொடி இருப்புக்குப் பதிவேடு வேண்டும், பழையது எந்தத் தேதியில் இறங்கியது, எப்படி அழிக்கப்பட்டது என்று எழுத வேண்டும். நிதி வரும்வரை கிழிந்த கொடியை இறக்கி வைக்க எழுத்துமூலம் உத்தரவு வேண்டும். மூன்றாவது முக்கியம். இறக்குகிற ஊழியருக்கு அந்தக் காகிதம்தான் பாதுகாப்பு. தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971இன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியே கிழிந்த கொடியைத் தொட விடாமல் செய்திருக்கிறோம். கிழிந்ததை மரியாதையோடு இறக்குவது குற்றமே இல்லை.

சாரல்காரன் | ஜூலை 30, இரவு 8:55

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பேரேடு ஐயா சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். தீர்மானம் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகும் என்கிறார்கள், பார்க்கலாம். மூன்றாவது கோரிக்கைக்கு உத்தரவு வந்துவிட்டது.

இன்று காலை ஆறு மணிக்குக் காற்று சற்று தணிந்திருந்தபோது இறக்கினோம். மோட்டார் ஓடவில்லை, கையால் சுற்றினார்கள். கீழே வந்த கொடியை எட்டுப் பேர் தரையில் படாமல் பிடித்தோம். கையில் வாங்கினபோதுதான் தெரிந்தது, அது எவ்வளவு கனம், எவ்வளவு தூசி. மடிக்கும்போது ஓரத்தைப் பார்த்தேன். நங்கூரம் ஐயா சொன்னபடி விரலை வைத்து ஓட்டினேன். ஒரு சாண் நீளத்துக்கு வேறு நிற நூலில் கைத்தையல் போட்டிருந்தது. பெரிய பெரிய தையல்.

யார் தைத்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கம்பத்துக்குக் காவல் இருக்கும் பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாசி மாதம் விளக்கு ரிப்பேருக்காகக் கொடியைப் பாதி இறக்கியபோது ஓரம் பிரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். கோணி ஊசியும் நைலான் நூலும் வாங்கி வந்து, கொடி திரும்ப ஏறுவதற்குள் முடிந்த மட்டும் தைத்திருக்கிறார். சொன்னால் திட்டுவார்களோ என்று சொல்லவில்லையாம். சட்டைப் பையிலிருந்து அந்த ஊசியை எடுத்துக் காட்டினார், நுனியில் ஒரு தக்கை குத்தி வைத்திருந்தார்.

அவர் தைத்த இடம் பிரியவே இல்லை. அதற்கு மேலும் கீழும்தான் கிழிந்திருக்கிறது.

நங்கூரம் | ஜூலை 30, இரவு 9:30

தம்பி, அந்தப் பெரியவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கோணி ஊசி வேண்டாம், துளை பெரிதாகிவிடும், மழைக் காலத்தில் அங்கிருந்து கிழியும். நடுத்தர ஊசி போதும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும், நைலான் வெயிலில் சீக்கிரம் மக்கும். நூலை மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள். மூலையில் இருந்து தொடங்கி உள்நோக்கி வர வேண்டும், தையல் அரை விரல்கடைக்கு மேல் இருக்கக் கூடாது. காவிக்கும் வெள்ளைக்கும் பச்சைக்கும் தனித்தனி நூல். புதுக் கொடி வரும்போது ஏற்றுவதற்கு முன்பே இரண்டு மூலையிலும் ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைத்துவிட வேண்டும், பாவுநூல் தம்பி துணி அனுப்பினால் நல்லது.

அவர் முகவரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். என்னிடம் பழைய ஊசிப் பெட்டி ஒன்று இருக்கிறது.

பாவுநூல் | ஜூலை 30, இரவு 9:48

துணி நாளைக் காலை பார்சலில் ஏறும். மூன்று நிறமும், இரண்டு மீட்டர் வீதம்.